கடைமடைக்குத் தண்ணீர்



ஜூன் மாதம் 12-ஆம் தேதி மேட்டூர் அணையைத் திறப்பது நம் நாட்டு வழக்கம். அணையில் போதிய தண்ணீர் இல்லாத வருஷங்களில் அந்தத் தேதி தள்ளிப்போவதும் உண்டு. அணை திறந்தது என்று கேட்டவுடன் ஊரெல்லாம் சந்தோஷம். ஆனால் கடைமடையில் நிலம் வைத்திருப்பவன் அன்றைக்குச் சந்தோஷப்படுவதில்லை. தண்ணீர் கல்லணையைத் தாண்டவேண்டும். ஆற்றை விட்டு வாய்க்காலுக்கு வரவேண்டும். வாய்க்காலை ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் அடைத்திருக்கக் கூடாது. மேல்மடைக்காரன் மறித்துக்கொள்ளக் கூடாது. இவ்வளவும் கழிந்து, தன் வயலில் தண்ணீர் வந்து விழுகிற சத்தத்தைக் காதால் கேட்ட பிறகுதான் அவன் பெருமூச்சு விடுகிறான். அணையைத் திறப்பது சர்க்கார் வேலை. வாய்க்காலைத் தூர்வாருவது ஊரார் வேலை. மடையைத் திறப்பது வீட்டுக்காரன் வேலை. இந்த மூன்றில் ஒன்று தவறினாலும் பயிர் காயும்.

இன்றைக்கு நான் உங்களோடு பேச விரும்புவது நம் வீடுகளில் வளரும் ஒரு பயிரைக் குறித்து. 10 வயதுக்கும் 19 வயதுக்கும் இடையிலுள்ள நம் பிள்ளைகளைத்தான் சொல்லுகிறேன்.

சுவிசேஷத்தில் அந்த வயதுப் பெண் ஒருத்தி வருகிறாள். அர்ச். மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் 5-ஆம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள். யாயீர் என்ற செபக்கூடத் தலைவனுடைய மகள் அவள், வயது 12. சாகக் கிடக்கிறாள். தகப்பன் ஓடிவந்து சேசுநாதருடைய பாதத்தில் விழுகிறான். ஆண்டவர் அவனோடு போகிற வழியில், 12 வருஷமாய்ப் பெரும்பாட்டினால் இரத்தத்தை இழந்துகொண்டிருந்த ஒரு ஸ்திரீ கூட்டத்துக்குள் மறைந்துவந்து அவருடைய வஸ்திரத்தைத் தொட்டுச் சுகமடைகிறாள். அதற்குள் அந்தச் சிறு பெண் இறந்துபோனாள் என்ற செய்தி வருகிறது. ஆண்டவர் விடவில்லை. அழுது புலம்பிய கூட்டத்தை வெளியே அனுப்பிவிட்டு, தாய் தகப்பனையும் தம் சீஷர் மூவரையும் மட்டும் கூட்டிக்கொண்டு உள்ளே போகிறார். கையைப் பிடித்து எழுப்புகிறார். பெண் எழுந்து நடக்கிறாள்.

அதன்பின் ஆண்டவர் என்ன செய்யச் சொன்னார் தெரியுமா? தோத்திரம் பாடச் சொல்லவில்லை, காணிக்கை கேட்கவில்லை. அவளுக்குச் சாப்பாடு போடச் சொன்னார்.

நான் குருமடத்தில் படித்த நாளிலிருந்து இந்த ஒரு காரியம் என் மனதை விட்டு அகலாமல் இருக்கிறது. செத்தவளை உயிர்ப்பித்தவருக்கு அவளுடைய வயிற்றை நிரப்ப வல்லமை இல்லாமற் போயிற்றா? அடுத்த அதிகாரத்திலேயே 5 அப்பங்களைக் கொண்டு 5000 பேரைப் போஷித்தவர் அல்லவா? வல்லமை இருந்தது. இருந்தும் அந்த வேலையைத் தாயிடமும் தகப்பனிடமும் விட்டார். உயிர் கொடுப்பது சர்வேசுரனுடைய வேலை. அந்த உயிருக்குச் சோறு போட்டு வளர்ப்பது உங்களுடைய வேலை.

கைக்குழந்தைக்கு நாம் எவ்வளவோ பார்த்துப் பார்த்துச் செய்கிறோம். தடுப்பூசி தவறுவதில்லை, எடை தவறாமல் பார்க்கிறோம். பிள்ளை 10 வயதைக் கடந்தவுடன், "இனி தானே வளர்ந்துவிடும்" என்று கையைக் கழுவிவிடுகிறோம். உழவர்களாகிய உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை: நாற்றங்காலில் பட்ட பாடெல்லாம் பட்டு, நடவும் நட்டு, களையும் எடுத்து, தொண்டைக்கதிர் சமயத்தில் தண்ணீர் காட்டாமல் விட்டால் என்ன ஆகும்? கதிர் வெளியே வரும். ஆனால் சாவியாகப் போகும். தூரத்திலிருந்து பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் தெரியும். கையில் உருவிப் பார்த்தால்தான் மணி இல்லை என்று தெரியும். இந்தப் பிள்ளைகளின் பருவமும் அப்படிப்பட்டதே. ஒரு மனிதன் பெரியவனானபின் இருக்கும் எடையில் ஏறக்குறைய பாதி இந்த வருஷங்களில்தான் சேருகிறது என்று வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். எலும்பு உறுதிப்படுவதும், இரத்தம் பெருகுவதும், நல்ல பழக்கமோ கெட்ட பழக்கமோ வேர் பிடிப்பதும் இப்பொழுதுதான்.

இனி என் குற்றம் ஒன்றைச் சொல்லுகிறேன். கேளுங்கள்.

நான் முன்பு இருந்த ஒரு பங்கில், தபசுகாலத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் சிலுவைப்பாதை நடந்துகொண்டிருந்தது. பத்தாம் ஸ்தலத்தில் 14 வயதுப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். காலையிலிருந்து ஒருசந்தி என்று அவளுடைய பாட்டி பெருமையோடு சொன்னார்கள். எனக்கு மனம் உருகிப்போயிற்று. அடுத்த ஞாயிறு பிரசங்கத்தில், பெயரைச் சொல்லாமல், அந்தப் பிள்ளையின் தபசைப் புகழ்ந்து பேசினேன். அதைக் கேட்டு அந்த வயதுப் பெண்கள் இன்னும் இருவர் வெள்ளிதோறும் பட்டினி கிடக்க ஆரம்பித்தார்கள்.

சில வாரங்கள் சென்று பள்ளிக்கூடத்தில் இரத்தப் பரிசோதனை நடந்தது. அந்த வயதுப் பெண்ணுக்கு இரத்தத்தில் ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக்கூடாது. 8-க்குக் கீழே போனால் கடும் சோகை. அவளுக்கு இருந்தது 6.8. அந்தப் பள்ளிக்கூடத்துக் கன்னியாஸ்திரீ ஒருவர் என்னிடம் வந்து, "சுவாமி, அந்தப் பிள்ளை தபசினால் விழவில்லை, உடம்பில் இரத்தமில்லாமல் விழுந்தாள்" என்றார். நான் அவளுடைய வீட்டுக்குப் போனேன். அண்ணன்மார் இருவரும் சாப்பிட்டு எழுந்தபின் மீந்ததை உண்பவள் அவள். காலையில் கடுங்காப்பி. பாட்டியைக் கேட்டேன். "பொம்பளப் புள்ளதானே சாமி, கொஞ்சம் தின்னாப் போதும்" என்றார்கள். அந்த வார்த்தையில் வன்மம் ஒன்றுமில்லை. அந்த அம்மாளும் அப்படியே வளர்ந்தவர்கள்.

பெண் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டுச் சர்வேசுரன் கிருபையால் தேறினாள். நான் பீடத்திலிருந்து சொன்ன வார்த்தையைப் பீடத்திலிருந்தே திருத்தவேண்டியிருந்தது. இன்று உங்களுக்கும் அதைத் திட்டமாய்ச் சொல்லுகிறேன். திருச்சபையின் கட்டளைப்படி ஒருசந்தி 18 வயது நிறைந்தவர்களுக்குத்தான். 60-ஆம் வயது தொடங்கியவுடன் அதுவும் இல்லை. சுத்தபோசனம் 14 வயது நிறைந்தவர்களுக்கு. நோயாளிக்கு இரண்டும் கட்டாயமில்லை. நற்கருணை வாங்க நடுச்சாமம் முதல் பட்டினி கிடக்கவேண்டும் என்ற பழைய ஒழுங்கை 12-ஆம் பத்திநாதர் பாப்பானவர் 1953-லும் 1957-லும் தளர்த்தினார். 1964-ல் 6-ஆம் சின்னப்பர் பாப்பானவர் அதை ஒரு மணி நேரமாக்கினார். இருந்தும் சில வீடுகளில் பெரியவர்கள் பழைய வழக்கத்தை மறவாமல், பீடத்துக்கு உதவிசெய்யும் சிறுவர்களை இன்னும் வெறும் வயிற்றோடு காலைப் பூசைக்கு அனுப்புகிறார்கள். தாய்மாரே, ஒரு மணி நேரத்துக்கு முன் அவனுக்கு இரண்டு இட்டிலி கொடுத்து அனுப்புங்கள். திருச்சபை உங்கள் பிள்ளையிடம் கேட்காத பட்டினியை நீங்கள் கேட்கவேண்டாம்.

அந்தப் பெண் ஒருத்திக்கு வந்த குறை மட்டும் இது என்று நினைக்காதீர்கள். 2019 முதல் 2021 வரை நம் தேசமெங்கும் நடந்த ஐந்தாம் தேசிய குடும்பநல ஆய்வில், 15 முதல் 19 வயதுவரையுள்ள பெண்களில் 100-க்கு 59 பேருக்கு இரத்தசோகை காணப்பட்டது. அதே வயது ஆண்பிள்ளைகளில் 100-க்கு 31 பேர். கோவிலில் பெண்பிள்ளைகள் உட்காரும் பக்கத்தை ஒருமுறை திரும்பிப் பாருங்கள். அவர்களில் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். களைப்பு, மூச்சிரைப்பு, படிப்பில் கவனமின்மை, வெளிறிய கண் இமை, மண்ணையோ பச்சரிசியையோ சிலேட்டுக்குச்சியையோ தின்னும் ஆசை, இவையெல்லாம் அதன் அடையாளங்கள். நாம் அதைச் சோம்பேறித்தனம் என்று திட்டுகிறோம்.

காரணங்கள் மூன்று. முதலாவது, வளரும் உடம்புக்கு இரும்புச்சத்து மிகுதியாய் வேண்டும். நாமோ சோறும் குழம்பும் போட்டு வயிற்றை நிரப்புகிறோம். இரண்டாவது, பெண்பிள்ளைகளுக்கு மாதந்தோறும் இரத்தம் போகிறது. போனது திரும்பச் சேரவேண்டும். மூன்றாவது, நம் வயற்காட்டு ஈரமண்ணுக்கே உரிய கேடு: கொக்கிப்புழு. வெளியில் மலஜலம் கழித்த மண்ணில் அந்தப் புழு வளர்ந்து, வெறுங்காலோடு நடப்பவனுடைய பாதத்துத் தோலைத் துளைத்து உள்ளே போய், குடலைக் கவ்விக்கொண்டு இரத்தத்தைக் குடிக்கிறது. கழிப்பறையும் காலுக்குச் செருப்பும் இரத்தத்தைக் காப்பாற்றும் என்றால் சிரிப்பீர்கள், உண்மை அதுதான்.

இதற்கு அணை திறக்கப்படவில்லையா? திறக்கப்பட்டிருக்கிறது. நம் தமிழ்நாட்டில் 1956-ல் காமராசர் காலத்தில் பள்ளிக்கூடத்து மதிய உணவு பரவியது. 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்தது. 1984-ல் 15 வயதுவரை உள்ள மாணவர்களுக்கும் அது நீண்டது. 2022-ல் காலை உணவுத் திட்டம் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் நம் டெல்டாவின் திருக்குவளையிலிருந்து எல்லா அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கும் விரிந்தது. ஆனால் கவனியுங்கள்: அது 1 முதல் 5-ஆம் வகுப்பு வரை என்றே தொடங்கப்பட்டது. ஐந்தாம் வகுப்பு வரை பள்ளிக்கூடத்தில் காலை ஆகாரம் உண்ட பிள்ளை, ஆறாம் வகுப்புக்குப் போகும் நாளில், வளர்ச்சி வேகமெடுக்கும் அதே சமயத்தில், உங்கள் அடுப்பங்கரையையே நம்பி நிற்கிறது. அந்த மடை உங்களுடையது.

இன்னும் ஒன்று. 6 முதல் 12-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு வாரம் ஒருமுறை இரும்புச்சத்தும் போலிக் அமிலமும் சேர்ந்த நீலநிற மாத்திரை கொடுக்கும் திட்டம் உண்டு. பள்ளிக்கூடம் போகாத பெண்களுக்கு அங்கன்வாடியில் கொடுக்கவேண்டும். 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்குக் குடற்புழு நீக்கும் மாத்திரை ஆண்டுக்கு இருமுறை. 2014 ஜனவரியில், வளர் இளம் பருவத்தாருக்கென்றே தேசிய சுகாதாரத் திட்டம் ஒன்றும் தொடங்கியது. ஆகாரம், மாதவிடாய், மனநலம், போதை, வன்முறை என்று அத்தனையும் அதில் அடங்கும். பெண்பிள்ளைகளுக்கு இலவச நாப்கின் கொடுக்கும் 'புதுயுகம்' திட்டத்தை அதற்கும் முன்பே நம் ராஜ்யம் கொண்டுவந்தது.

அப்படியானால் தண்ணீர் எங்கே நின்றுபோகிறது? ஒரு மாணவனைக் கேட்டேன். "மாத்திரையை வாயில் அடக்கிக்கொண்டு வெளியே போய்த் துப்பிவிடுவோம், சாமி" என்றான். ஏன் என்றேன். "வயிற்றைப் புரட்டும், வெளிக்குக் கறுப்பாய்ப் போகும், அம்மா வேண்டாம் என்றார்கள்" என்றான். பெண்பிள்ளைகளுக்குப் பிள்ளைப்பேறு இல்லாமற் போகும் என்ற புரளியையும் நான் கேட்டிருக்கிறேன். அது சுத்தப் பொய். மலம் கறுப்பாவது இரும்பின் நிறம், அதனால் தீங்கில்லை. சாப்பிட்டபின் விழுங்கினால் புரட்டல் குறையும். ஆனால் வாரத்துக்கு ஒன்றுதான். 2023 மார்ச்சில் உதகையில் பள்ளிப் பிள்ளைகள் போட்டிபோட்டு அளவுக்கு மிஞ்சி விழுங்கி, ஒரு மாணவி உயிரையே இழந்தாள். ஆகையால் மாத்திரை பெரியவர்கள் கண்முன்னே, கொடுத்த அளவிலேயே உட்கொள்ளப்படவேண்டும். வீட்டில் இருந்தால் பூட்டி வையுங்கள்.

அடுப்பங்கரைக்கு வருவோம். இரும்புச்சத்து என்றால் விலை உயர்ந்த டப்பாவை நினைக்கிறீர்கள். கொல்லையிலுள்ள முருங்கைக்கீரை, கேழ்வரகு, கம்பு, நிலக்கடலை, எள், பருப்பு வகைகள், முட்டை, மீன், மாதம் ஒன்றிரண்டு முறை ஈரல். சாப்பாட்டோடு நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா ஏதாவது ஒன்று சேர்ந்தால் கீரையிலுள்ள இரும்பு உடம்பில் நன்றாய் ஒட்டும். சாப்பிட்ட கையோடு தேநீரோ காப்பியோ குடித்தால் ஒட்டாமல் போகும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பெண்பிள்ளையைக் கடைசிப் பந்தியில் உட்காரவைக்காதீர்கள். தாயும் மகளும் மற்றவர்களோடு கூடவே உட்காரட்டும். மகள் எப்படிச் சாப்பிடவேண்டும் என்பதைத் தாயின் தட்டைப் பார்த்தே கற்றுக்கொள்கிறாள்.

பெண் வயதுக்கு வந்தவுடன் நம் வீடுகளில் நடப்பதையும் எண்ணிப் பாருங்கள். உளுந்தங்களி, நல்லெண்ணெய், நாட்டுக்கோழி முட்டை என்று தினமும் கொடுத்துக் கொண்டாடுகிறோம். நம் முன்னோர் அறியாமல் செய்யவில்லை. அந்தச் சமயத்தில் உடம்புக்கு ஆகாரம் வேண்டும் என்று கண்டிருந்தார்கள். ஆனால் சடங்கு முடிந்து பந்தல் பிரித்தவுடன் முட்டையும் நின்றுபோகிறது! கடன் வாங்கி விருந்து வைத்து, வாசலில் பெரிய படம் கட்டினோமே, அந்தப் பணத்தில் அவளுக்கு எத்தனை வருஷத்து முட்டை வாங்கலாம்? அந்த மூன்று நாள் அவளைக் கொல்லையில் ஒதுக்கிவைப்பதும், செபமாலையைத் தொடாதே, கோவிலுக்குப் போகாதே என்பதும் நம் வேதத்தில் இல்லை. பெரும்பாடுள்ள ஸ்திரீ தம்மைத் தொட்டபோது ஆண்டவர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. மகளே என்று அழைத்தார். அந்த நாட்களில் அவளுக்கு வேண்டியது சுத்தமான துணி அல்லது நாப்கின், குளிக்க மறைவான இடம், வயிற்றுக்கு நல்ல ஆகாரம், தாயின் ஆறுதலான வார்த்தை. மாதந்தோறும் மிகுதியாய்ப் போனால் வெட்கப்படாமல் வைத்தியரிடம் கூட்டிப் போங்கள்.

இரண்டாவது மடை, காலம். அவர்கள் வளர்வதற்கு வேண்டிய காலத்தை அவர்களிடமிருந்து பறிக்கக் கூடாது.

2018 நவம்பரில் கஜா புயல் நம் பக்கத்துத் தென்னைகளையெல்லாம் வேரோடு சாய்த்துப்போட்டதை மறந்திருக்கமாட்டீர்கள். அதற்கு அடுத்த மாதம் ஒருவர் என்னிடம் வந்து, "சாமி, மகளுக்குக் கலியாணம். ஓலை வாசிக்கணும்" என்றார். ஞானஸ்நானப் புத்தகத்தைப் புரட்டினேன். பெண்ணுக்கு 16 வயது. "எப்படி அப்பா?" என்றேன். மனிதர் தரையைப் பார்த்துக்கொண்டே, "மரமெல்லாம் போச்சு சாமி. ஒரு வாய் குறையட்டும்னுதான்" என்றார். அவரை நான் குற்றவாளி என்று சொல்லமாட்டேன்; இரண்டு மாதத்துக்கு முன்னே தன் மகளை ஆசிரியையாக்கவேண்டும் என்று என்னிடம் சொல்லியிருந்தவர் அவர். ஆனால் ஓலை வாசிக்கவும் நான் சம்மதிக்கவில்லை. 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி பெண்ணுக்கு 18, ஆணுக்கு 21. அதற்குக் கீழே சட்டம் விடாது. வாலிபப் பிள்ளைகள் அகாலத்தில் மணம் முடிக்காதபடி தடுக்கவேண்டும் என்று திருச்சபைச் சட்டமும் குருக்களுக்குச் சொல்லுகிறது. ஆனால் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் அந்த ஒரு வாய்க்குச் சோறு எங்கிருந்து வரும்? வின்சென்ட் தே பவுல் சபையார் ஆறு மாதம் அந்த வீட்டுக்கு அரிசி கொடுத்தார்கள். பெண் பன்னிரண்டாம் வகுப்பை முடித்து, செவிலியர் படிப்பையும் முடித்தாள். வளர்ந்து முடியாத உடம்பில் ஒரு பிள்ளை வளர்வது தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து. இப்பொழுது அவளே கர்ப்பிணிகளுக்கு இரத்தம் பார்த்து எழுதிக்கொடுக்கிறாள்.

ஆப்பிரிக்காக் கண்டத்திலும் இதே துயரம் உண்டு. உலகத்திலேயே இளவயதினர் மிகுந்த கண்டம் அது. மழையையும் ஆற்றையும் நம்பிய உழவர்கள் அங்கேயும் வறட்சி வருஷத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறார்கள். எத்தியோப்பிய தேசத்தில் அம்ஹாரா என்ற பகுதியில், சிறுமிகளை மணம் முடிப்பது மிகுதியாய் இருந்த இடத்தில், 2004-ல் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பெண்ணைப் படிக்கவிட்டு, இரண்டு வருஷம் கலியாணம் பேசாமல் இருக்கும் குடும்பத்துக்கு ஓர் ஆடு. சிலேட்டும் புத்தகமும் வாங்கிக் கொடுத்ததோடு நில்லாமல், ஊர்ப் பெரியவர்களைக் கூட்டி வைத்துப் பேசவும் செய்தார்கள். 10 முதல் 14 வயதுப் பெண்களிடையே பள்ளிக்கூடம் போவது கூடியது, கலியாணம் குறைந்தது. ஆடு வறுமைக்குப் பதில் சொன்னது. பேச்சு வழக்கத்துக்குப் பதில் சொன்னது. இரண்டும் சேர்ந்ததால் பலன் கிடைத்தது.

நம் மண்ணிலும் இப்படி ஒரு மாற்றம் நடந்திருக்கிறது. மயிலாடுதுறைப் பக்கத்து மூவலூரில் வளர்ந்தவர் இராமாமிர்தம் அம்மையார். சிறு பெண்களைப் பொட்டுக்கட்டித் தேவதாசிகளாக்கும் வழக்கத்தை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடினார். அவர் பெயரால் 1989-ல் ஏழைப் பெண்களுக்குத் திருமண உதவித் திட்டம் வந்தது. பெண் 8-ஆம் வகுப்பு வரை படித்திருக்கவேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். 2022-ல் அதே பெயரிலேயே அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறி, 'புதுமைப் பெண்' என்ற பெயரோடு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் என்றாயிற்று. 2024 டிசம்பரில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழி படித்த பெண்களுக்கும் அது நீண்டது. கலியாணத்துக்கு என்று வந்த பணம் படிப்புக்கு என்று மாறியது, பார்த்தீர்களா? நம் பங்குப் பிள்ளைகளில் யாருக்கு உரிமை உண்டு, யார் இன்னும் விண்ணப்பம் போடவில்லை என்று தலைமையாசிரியரிடமும் கல்லூரியிலும் விசாரியுங்கள்.

மூன்றாவது மடை, காது. இதில் ஆண்பிள்ளைகளைப் பற்றியே அதிகம் சொல்லவேண்டியிருக்கிறது. மீசை அரும்பியவுடன் மகனோடு பேசுவதைத் தகப்பன் நிறுத்திவிடுகிறார். "படிச்சியா? மார்க் என்ன?" என்ற இரண்டு கேள்வியோடு வீட்டுப் பேச்சு முடிகிறது. அவனுக்குப் பேசவேண்டியது எவ்வளவோ இருக்கிறது. அவன் அதைச் செல்போனிடமும் பாலத்துக் கட்டையில் உட்காரும் கூட்டத்திடமும் போய்ச் சொல்லுகிறான். உதட்டுக்குள் அடக்கும் புகையிலைப் பொட்டலம் அங்கேதான் முதலில் கைமாறுகிறது. தகப்பன்மாரே, சாயங்காலம் உங்களுக்குக் குடிக்கத் தண்ணீரும் டம்ளரும் எடுத்துவரச் சொல்லி மகனை அனுப்புகிறீர்களே, அதுவும் ஒரு பாடம் அல்லவா? 18 வயது ஆகாத பிள்ளையிடம் மோட்டார் சைக்கிள் சாவியைக் கொடுத்துவிட்டு, காவல் சம்மனசானவர் பார்த்துக்கொள்வார் என்று இருப்பது தேவ நம்பிக்கை ஆகாது.

ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே என்ற தேசம் உண்டு. மனநோய் வைத்தியர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே இருந்த நாடு. டிக்சன் சிபாண்டா என்ற வைத்தியர் 2006-ல் ஹராரே நகரத்து எம்பாரே பகுதியில் 14 பாட்டிமார்களைப் பழக்கினார். ஆஸ்பத்திரி வளாகத்து மரத்தடியில் ஒரு பெஞ்சி, அதில் ஒரு பாட்டி, மனபாரத்தோடு வருபவன் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறான், பாட்டி கேட்கிறாள். அந்த நாட்டார் மனச்சோர்வை 'மிகுதியாய் யோசித்தல்' என்றே தங்கள் பாஷையில் சொல்லுகிறார்கள். நாமும் "ரொம்ப யோசிக்கிறான்" என்றுதானே சொல்லுகிறோம்! பெரியவர்களுக்கென்று தொடங்கிய அந்தப் பெஞ்சி, பின்னர் வாலிபர்களுக்கும் போடப்பட்டது. 2016-ல் மருத்துவ ஆராய்ச்சியிலும் அதன் பலன் உறுதிப்பட்டது. இதைப் படித்தபோது நம் வீட்டுத் திண்ணைகளை நினைத்தேன். திண்ணை இன்னும் சில வீடுகளில் இருக்கிறது, பாட்டிமாரும் இருக்கிறார்கள். கேட்கும் காதுதான் குறைந்துபோயிற்று.

பரீட்சை முடிவு வரும் நாட்களில் இதை விசேஷமாய் நினைத்துக்கொள்ளுங்கள். தோற்ற பிள்ளைக்குத் துணைத் தேர்வு உண்டு. உங்கள் முகத்தைப் பார்க்கப் பயந்து அவன் செய்துகொள்ளும் காரியத்துக்குத் துணைத் தேர்வு இல்லை. பிள்ளை தூக்கமின்றி, சாப்பாடின்றி, யாரோடும் பேசாமல், "நான் இல்லாவிட்டால் என்ன" என்று ஒரு வார்த்தை சொன்னாலும் அதை விளையாட்டாக எடுக்காதீர்கள். தனியே விடாதீர்கள், அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள். மனநல ஆலோசனைக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம். பிள்ளைக்குத் தீங்கு நேர்ந்தாலும், சிறுவயதுக் கலியாணம் என்றாலும் 1098.

பிரியமானவர்களே, பிரசங்கம் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் போவது நம் வழக்கம். இந்த முறை சில காரியங்களைக் கையோடு செய்வோம். வருகிற மாதம் முதல் ஞாயிறிலிருந்து, ஞானோபதேச வகுப்புக்கு வரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கடலையுருண்டையும் ஒரு கொய்யாவோ நெல்லிக்காயோ கொடுக்கப்படும். கொய்யா மரமுள்ள வீட்டார் கோவிலுக்கு அனுப்புங்கள். மரியாயின் சேனையார் வீடுவீடாய் வந்து, 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இந்த வருஷம் இரத்தம் பார்த்தாயிற்றா, பூச்சி மாத்திரை கொடுத்தாயிற்றா என்று மட்டும் கேட்பார்கள். பார்க்காதவர்களைக் கூட்டமாய் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போவார்கள். பள்ளியை விட்டு நின்ற பிள்ளை யாராயிருந்தாலும் எனக்குச் சொல்லுங்கள். தகப்பன்மார் ஒவ்வொரு ஞாயிறும் பூசை முடிந்தபின், மார்க்கைப் பற்றிப் பேசாமல், மகனோடு வாய்க்கால் கரைவரை ஒருமுறை நடந்துவாருங்கள். அவன் முதல் நாள் பேசமாட்டான். மூன்றாம் ஞாயிறு பேசுவான்.

யாயீருடைய வீட்டில் அன்றைக்கு அந்தத் தாய் என்ன சமைத்தாள் என்று சுவிசேஷம் சொல்லவில்லை. அவசரத்தில் இருந்ததைத்தான் எடுத்து வைத்திருப்பாள். மகள் சாப்பிடுவதை அவள் பார்த்துக்கொண்டு நின்றிருப்பாள். இன்று வீட்டுக்குப் போனதும், உங்கள் வீட்டிலிருக்கும் 12 வயதுப் பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, முதலில் இலை போடுங்கள். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பக்கத்தில் உட்காருங்கள்.

குழந்தை சேசுவை வளர்த்த தேவமாதாவும் அர்ச். சூசையப்பரும் உங்கள் குடும்பங்களுக்குத் துணையாயிருப்பார்களாக. சர்வேசுரன் உங்கள் பிள்ளைகளை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குசாமியார்